வெடிக்காத பானை

(விருத்தாசலத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நாவலைப் பற்றிப் பேசியிருக்கிறோம், சினிமாவைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஒரு படம் வந்த அன்றைக்கே அதன் இரண்டாம் பாதி ஏன் இழுக்கிறது என்று டீக்கடையில் நின்று அலசுகிற ஊர் இது. வீடியோ கேம் என்றால் மட்டும் நம்மிடம் இரண்டே கேள்விகள்தான். பையன் எத்தனை மணி நேரம் விளையாடுகிறான்? கண் கெட்டுவிடுமா? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அந்த விளையாட்டு எப்படிப்பட்டது, யார் செய்தார்கள், ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. நான் இன்றைக்கு அந்த மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். சமீப காலமாக நான் விளையாடிவரும் சில விளையாட்டுகளைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லப்போகிறேன்.

நான் செராமிக் படித்து, இதே ஊரில் தொழில் செய்து, தலை நரைத்தவன். சாயங்காலம் யூனிட்டைப் பூட்டிய பிறகு போனிலும், மகளுடைய பழைய லேப்டாப்பிலும் விளையாடுகிறேன். நம் ஊருக்குப் பீங்கான் சரக்கு எடுக்க வரும் வியாபாரிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜாடியைக் கையில் எடுத்ததும் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார்கள். கணீரென்று கேட்டால் எடுப்பார்கள். சத்தம் அமுங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே விரிசல் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு விளையாட்டைச் சுண்டிப் பார்க்க என்னிடமும் ஒரு வழி இருக்கிறது. நான் தோற்கும்போது இது என்னை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். ஜெயிக்கும்போது எல்லா விளையாட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் நம் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். ‘லெட்ஸ் கிரியேட் பாட்டரி’ என்று போனில் ஒரு விளையாட்டு உண்டு. போலந்து நாட்டு இன்ஃபினிட் ட்ரீம்ஸ் நிறுவனம் செய்தது. திரையில் சக்கரம் சுற்றுகிறது, அதன்மேல் களிமண் உருளை. விரலை உள்ளே தள்ளினால் இடுப்பு ஒடுங்கும், மேலே இழுத்தால் கழுத்து நீளும். வனைந்ததைச் சுட்டு, வண்ணம் பூசி, ஏலத்தில் விற்றுக் காசு பார்க்கலாம். அந்தக் காசில் புதுப் புது வண்ணங்களும் அச்சுகளும் வாங்கலாம். பார்க்க அழகான விளையாட்டு. சுழலும் மண்ணில் விரல் பட்டதும் ஏற்படுகிற அந்த வளைவு அத்தனை நுட்பமாக இருக்கிறது. செய்தவர் நிஜச் சக்கரத்தின் முன் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதை எங்கள் யூனிட்டில் ஓரம் சீவுகிற ஒரு அம்மாவிடம் காட்டினேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு அச்சும் சேர்கிற இடத்தில் கோடு விழும் இல்லையா, அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவதுதான் அவருக்குப் பாதி ஆயுள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு குடுவையை வனைந்தார். அழகாகவே வந்தது. அடுத்து ‘சுடு’ என்று வந்தது. தொட்டார். திரையில் தீ எரிந்து, குடுவை வெந்து வெளியே வந்துவிட்டது. அவர் போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, காயவே வெக்கலயே? பச்சையா உள்ள ஏத்துனா வெடிச்சிடாதா?”

இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

செராமிக் தொழிலின் பயம் எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மாணவர்கள் முன்வரிசையில் இருப்பதால் சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சில் ஊற்றிய பொம்மை, ஊற்றிய நாள் முதல் சூளையிலிருந்து இறங்குகிற நாள் வரைக்கும் சுருங்கிக்கொண்டே இருக்கிறது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுத்துவிடும். ஒரு பக்கம் காற்றுப் பட்டு வேகமாகக் காய்ந்து, மறுபக்கம் ஈரமாக இருந்தால் அப்போதே கோணும். உள்ளே ஈரம் மிச்சமிருக்க, 100 டிகிரியைச் சூளை அவசரமாகத் தாண்டினால் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பொம்மையைத் தெறிக்கவைக்கும். அது தனியாகப் போகாது, பக்கத்தில் இருக்கிற நாலைந்தையும் சேர்த்துக்கொண்டுதான் போகும். அதையும் தாண்டிவிட்டால் 573 டிகிரி. அந்த வெப்பத்தில் மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. சூடு ஏறும்போது சட்டென்று விரியும், இறங்கும்போது சட்டென்று சுருங்கும். எல்லாம் நன்றாக வெந்து, தீயை அணைத்து, விடிந்தால் சரக்கு என்கிற நேரத்தில் ஆர்டர்காரர் அவசரப்படுத்துகிறார் என்று கதவைச் சீக்கிரம் திறந்தீர்களானால் உள்ளேயிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

அந்த விளையாட்டில் இது எதுவுமே இல்லை. அங்கே பானை வெடிக்காது, கோணாது, பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸ் வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளாது. ஆறுதலுக்காகச் செய்த விளையாட்டு, அதில் எதற்குக் கஷ்டம் என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. நான் வனைந்த முதல் குடுவையும் கடைசிக் குடுவையும் ஒரே மாதிரி வெந்து வந்தபோது, இதில் என் கைக்கு வேலையே இல்லை என்று தோன்றிவிட்டது. தோற்க வழியே வைக்காத விளையாட்டு என்னை நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நேர் எதிர் ஒன்று உண்டு. அதுவும் பாண்டம் சம்பந்தப்பட்டதே. ‘கெட்டிங் ஓவர் இட்’. பென்னட் ஃபாடி என்பவர் 2017-ல் வெளியிட்டது. தமிழ் யூடியூபில் இதை விளையாடிக் கத்தாதவர்கள் குறைவு. இடுப்பு வரை ஒரு இரும்புக் கொப்பரைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மனிதன், கையில் நீளமான சம்மட்டி. அதைப் பாறையில் ஊன்றி, கொக்கி மாதிரி மாட்டி, எம்பி எம்பி ஒரு மலையில் ஏற வேண்டும். ஜாடிக்குள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கிரேக்க ஞானி டயோஜெனிஸின் பெயர்தான் அவனுக்கும். மவுஸை அசைப்பது ஒன்றைத் தவிர விளையாடுபவருக்கு வேறு வேலை கிடையாது.

கை கொஞ்சம் பிசகினால் விழுவீர்கள். எவ்வளவு தூரம் என்பதற்குக் கணக்கில்லை. சில இடங்களில் விழுந்தால் ஏறத் தொடங்கிய இடத்திற்கே வந்துவிடுவீர்கள். பாதியில் ஓர் இடத்தைக் குறித்துவைத்து, விழுந்த பிறகு அங்கிருந்து தொடங்குகிற வசதி கிடையாது. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பாம்புகூட இருக்கிறது. அதன்மேல் ஏறாதே என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். ஏறினால் அடிவாரம்தான். நம் பரமபதத்தில் ஆடி வளர்ந்தவர்களுக்குப் பழகிய வலிதான் அது. ஆனால் பரமபதத்தில் விழுவது தாயக்கட்டையின் தீர்ப்பு. இங்கே விழுவதற்கு முழுக்க முழுக்க உங்கள் மணிக்கட்டுதான் காரணம். பாறையும் அதேதான், சம்மட்டியின் எடையும் அதேதான். நேற்று ஏற முடியாத இடத்தில் இன்றைக்கு ஏறுகிறீர்கள் என்றால் மாறியது நீங்கள் மட்டுமே. விழும்போதெல்லாம் பின்னணியில் அந்த ஃபாடியின் குரலே நிதானமாகப் பேசுகிறது, தோல்வியைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதை எடுத்துச் சொல்கிறது. சிலருக்கு அந்தக் குரல் எரிச்சலூட்டும். எனக்குப் பிடித்திருக்கிறது. விழுந்தவனிடம் பேசுவதற்கு ஒரு ஆள் இருக்கிறானே.

இதைக் கொடூரமான விளையாட்டு என்று எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சமீபத்தில் நான் விளையாடியவற்றில் ஆளை ஏமாற்றாத விளையாட்டு என்றால் இதைத்தான் சொல்வேன். புள்ளிகள் தருகிறேன், பரிசு தருகிறேன், நாளைக்கும் வா என்று அது கையைப் பிடித்து இழுப்பதில்லை. வராவிட்டால் அதற்கு ஒன்றும் நஷ்டமில்லை. கடையைப் பெரிதாக்கும் ஆசை இல்லாத ஒரு கைவினைஞர் செய்த பொருள் என்று பார்த்ததும் தெரிகிறது.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ‘வெண்பா’. 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், அங்கே பிறந்த பையன் கவின். விளையாட்டு முழுக்கச் சமையல்தான். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருதை இதற்குக் கொடுத்தது. அதே வருடம் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் பெரும் பரிசும் இதற்கே. ஒரு தமிழ்ப் படத்துக்கு இப்படி இரண்டு விருது வந்திருந்தால் ஊரெல்லாம் பேனர் கட்டியிருப்போம். வெண்பாவைப் பற்றி இந்த அவையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கைதூக்கச் சொல்லப்போவதில்லை. தெரியாததற்கு நீங்கள் காரணமில்லை, இப்படிப்பட்ட செய்திகள் நம் பத்திரிகைகளில் ஓர் ஓரத்தில்தான் வருகின்றன.

அதில் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது. பழசாகி, கிழிந்து, எண்ணெய் பட்டு, பாதி எழுத்து அழிந்துபோன நோட்டு. இருக்கிற வரிகளை வைத்து இல்லாத வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் அத்தியாயம் இட்லி. தட்டில் துணி போட்டு மாவு ஊற்றுவது சுலபம். தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துளைகள் எங்கே அமைந்தால் ஆவி தடைபடாமல் மேல்தட்டு வரைக்கும் போகும் என்று யோசித்து அடுக்க வேண்டும். அந்த இடத்தில் நான் லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டேன். சூளைக்குள் சரக்கு ஏற்றும்போது நாம் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தானே? தீ எந்தப் பக்கம் நுழைகிறது, எங்கே திரும்புகிறது, நடு அடுக்கில் இருக்கிறவனுக்குச் சூடு போய்ச் சேருமா. ஒவ்வொரு நாளும் காலையில் என் வீட்டு அடுப்பங்கரையில் அதே யோசனை நடந்துகொண்டிருப்பதை ஒரு விளையாட்டு எனக்குக் காட்டித் தந்தது.

சமைக்கும்போது வானொலியில் ஓடும் பாட்டுகள் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா இசையின் சாயலில் புதிதாகச் செய்தவை. எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம், மூடியைத் தூக்கியதும் வருகிற ஆவிச் சத்தம், இதிலெல்லாம் கவனம் எடுத்துச் செய்திருக்கிறார்கள்.

தோற்றால் என்ன ஆகிறது? சமையலில் தோற்றால் ஒன்றும் ஆகாது. சரியாக வரவில்லை, திரும்பச் செய்து பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறது. அப்படியானால் பானை விளையாட்டைக் குறை சொன்னவன் இதை எப்படிப் பாராட்டலாம் என்று நீங்கள் கேட்கலாம். இந்த விளையாட்டில் தோல்வி அடுப்பங்கரையில் இல்லை, சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பையன் வளர வளர அம்மாவின் மொழி அவனிடமிருந்து விலகிப்போகிறது. உரையாடலில் என்ன பதில் சொல்வது என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த இடைவெளி அடைபடுவதில்லை. இட்லியைத் திரும்ப ஊற்றலாம், பதினைந்து வயதுப் பையனிடம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. பின்னால் ஓர் அத்தியாயத்தில் வளர்ந்துவிட்ட கவின், தனியாக நின்று, அரைகுறைத் தமிழில் அம்மாவின் நோட்டை எழுத்துக்கூட்டிப் படித்துச் சமைக்கிறான். அங்கே புதிர் கஷ்டமாவதற்குக் காரணம் சமையல் இல்லை, அவனுக்குப் புரியாமல்போன தமிழ். விளையாட்டின் விதியையே கதையின் துக்கமாக மாற்றிவிட்ட இந்த வேலையை நான் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். நாவலில் இதைச் சொல்லலாம், படத்தில் காட்டலாம். தப்பாகப் படித்துத் தப்பாகச் செய்து பார்க்கிற அனுபவத்தை விளையாட்டு ஒன்றால்தான் கொடுக்க முடியும்.

குறையும் சொல்ல வேண்டும். ரொம்பச் சின்ன விளையாட்டு. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்தக் குடும்பத்தோடு இன்னும் நாலு சமையல் சமைத்திருந்தால் கடைசிப் பகுதி இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். வருடங்களை அது தாவித் தாவிக் கடக்கிறது. பாவலனை எனக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வெளியூரில் வேலை தேடி அலைகிற தகப்பனின் பகல் எப்படிக் கழிகிறது என்று ஓர் அத்தியாயம் இருந்திருக்கலாம்.

இந்தியாவிலேயே செய்ததில் புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020-ல் கொண்டுவந்த ‘ராஜி’யையும் விளையாடினேன். சுவரோவியம் போன்ற கோட்டைகள், மேலேயிருந்து துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்வது எல்லாம் கண்ணை நிறைக்கின்றன. சண்டைதான் கையில் உட்காரவில்லை. நான் அடித்ததால் ஜெயித்தேனா, அது விட்டுக்கொடுத்ததால் ஜெயித்தேனா என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

இனி, இளைஞர்கள் காத்துக்கொண்டிருக்கும் பெயர். பப்ஜி. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் போனது. 2023 மே மாதம் திரும்பி வந்தது. தடைக்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். அது அரசு பார்க்க வேண்டிய விஷயம். விளையாட்டு எப்படி என்ற கேள்வி அங்கேயும் எழவில்லை.

எங்கள் யூனிட் பையன்களோடு சேர்ந்து நான் இதை விளையாடுகிறேன். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அரை மணி நேரத்தில் ஒரு அணிதான் மிஞ்சும், மற்ற எல்லோரும் தோற்றுத்தான் ஆக வேண்டும். தோற்பதை இவ்வளவு சகஜமாக எடுத்துக்கொள்ள இந்தப் பையன்கள் இங்கேதான் பழகினார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். சுட்டு வீழ்த்தப்பட்டவன் உடனே சாவதில்லை. மண்டியிட்டுத் தவழ்கிறான். கூட்டாளி ஒருவன் பக்கத்தில் வந்து சில விநாடிகள் அசையாமல் உட்கார்ந்து அவனை எழுப்ப வேண்டும். அந்த விநாடிகளில் எழுப்புகிறவன் துப்பாக்கி தூக்க முடியாது, எங்கிருந்து வேண்டுமானாலும் குண்டு வரலாம். “அண்ணே, அங்கயே இருங்க, வந்துட்டேன்” என்று இயர்போனில் ஒரு குரல். பகலில் என்னிடம் சம்பளம் வாங்குகிற பையன் அவன். என்னை எழுப்பப் போய் அவன் செத்திருக்கிறான். இந்த ஒரு விதியைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் கைகொடுப்பேன்.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் கடை திறந்துவிடுகிறது. சட்டை, துப்பாக்கிக்கு நிறம், பெட்டி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கட்டித் திறக்க வேண்டும். ஆசைப்பட்டது வராவிட்டால் இன்னொரு பெட்டி. களத்தில் நேர்மையாகத் தோற்கவைத்த அதே விளையாட்டு, கடையில் அதிர்ஷ்டத்தை விற்கிறது. வாரக் கூலி வாங்குகிற பையன்களுக்கு முன்னால் அந்தப் பெட்டியை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெட்டியின் பெரிய அண்ணன்தான் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி. அதை நான் விளையாடவில்லை, விளையாடவும் மாட்டேன். அங்கே தோற்கிறவர் கட்டிய காசில் நடத்துகிறவர்களுக்குப் பங்கு. தோற்றவன் எழுந்து போய்விடாமல் திரும்ப உட்கார்வதற்காகவே எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள். நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்கள் இதனால் ஆளை இழந்தன என்பதை நாம் செய்தித்தாளில் படித்துக்கொண்டே இருந்தோம். 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் மாநில அரசு இதை ஆராயக் குழு அமைத்தது. தடைச் சட்டமும் இயற்றினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்றது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது வீடியோ கேம் போட்டிகளை, விளையாட்டாக அங்கீகரிக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தது சரி. பெற்றோர்களும் அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஊரைப் பற்றி ஒரு விளையாட்டு செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். ‘ஸ்டார்டியூ வேலி’ என்று உலகம் முழுக்க விளையாடப்படும் விவசாய விளையாட்டை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உட்கார்ந்து செய்து 2016-ல் வெளியிட்டார். படம், இசை, கோடிங் எல்லாம் அவரே. விளையாட்டு செய்வதற்கான கோடோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, சாதாரண லேப்டாப்பில் ஓடுகிறது.

கதையும் தயாராகவே இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு ஆர்டர் குவிவது ஐப்பசியில். மழை கொட்டுவதும் அதே ஐப்பசியில். சரக்கு காயவே காயாது. தீபத்துக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது, ரேக்கில் பச்சைச் சரக்கு ஈரமாக உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கே சூளையில் ஏற்றுவதா, இன்னும் இரண்டு நாள் பொறுப்பதா? ஏற்றினால் எவ்வளவு மெதுவாகச் சூட்டை ஏற்றுவது, அதற்கு எவ்வளவு எரிபொருள் ஆகும்? ஆர்டர்காரர் வாசலில் வந்து நிற்கும்போது கதவைத் திறப்பதா வேண்டாமா? இதைவிட நல்ல ஆட்டத்தை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை, வருடா வருடம் நாம் ஆடிக்கொண்டிருக்கிறோம். மணிக்கு மணி சூடு குறித்துவைத்த பழைய சூளை நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன, நகலெடுத்துத் தருகிறேன். செராமிக் கல்லூரி மாணவர்களில் கோடிங் தெரிந்தவர்கள், படம் வரைகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே விவாதிக்கலாம். தீ எரியும்போது சூளைக்குள் நடப்பதை விளையாடுகிறவருக்குக் காட்ட வேண்டுமா, கூடாதா? காட்டக் கூடாது என்பது என் கட்சி. வெளியே வெப்பமானியின் முள் மட்டும் தெரியட்டும், உள்ளேயிருந்து சத்தம் மட்டும் கேட்கட்டும். காட்டினால்தான் புதிதாக விளையாட வருகிறவருக்குப் புரியும் என்று என் மகள் சொல்கிறாள். உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.